ஏழாம் சுரத்தின் மேல் என்ன கோபம்?

அட்டையில் ‘எளிய பதிப்பு’ என்று போட்டு வரும் பியானோ புத்தகங்கள் பலவற்றுக்கு ஜாஸ் மேல் என்ன பகையோ! ஜெஸ்ஸி ஹாரிஸ் எழுதி, நோரா ஜோன்ஸ் 2002 ஆல்பத்தில் பாடி, மறு வருடமே கிராமி விருதுகளை அள்ளிய ‘டோன்ட் நோ வை’யை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே பி-ஃபிளாட் மேஜர் செவன்த், பி-ஃபிளாட் செவன்த், இ-ஃபிளாட் மேஜர் செவன்த் என மூன்று கார்டுகள் (சுரக்கூட்டுகள்). அவற்றுக்கு நடுவே ஒரு சுரம் ஏ, ஏ-ஃபிளாட், ஜி என்று சத்தமில்லாமல் அரையரைப் படியாக இறங்குகிறது. பாட்டின் ஏக்கத்தில் பெரும்பங்கு அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. எளிமைப்படுத்துகிறவர் முதல் வேலையாக ‘செவன்த்’களை, அதாவது ஏழாம் சுரங்களை, நறுக்கிவிடுகிறார். மிச்சம் பி-ஃபிளாட், மறுபடியும் பி-ஃபிளாட், அப்புறம் இ-ஃபிளாட். புளி போடாத ரசம்தான். வெந்நீர் என்று சொன்னால் பதிப்பாளருக்குக் கோபம் வரும்.

‘புதிதாகக் கற்பவருக்கு நாலு சுரக் கார்டு கஷ்டமாயிற்றே’ என்பார்கள். நியாயமான கவலை. ஆனால் ஜாஸ் வாசிப்பவர்களே எப்போதும் நாலையும் அழுத்துவதில்லை. ஐந்தாவது சுரத்தை விட்டுவிட்டால் காது அதைத் தேடாது. ஏழாவதை விட்டால் உடனே தேடும். வலக்கை மெட்டை வாசிக்கட்டும், இடக்கைக்கு இரண்டு விரல் போதும்: பி-ஃபிளாட்டோடு ஏ, பி-ஃபிளாட்டோடு ஏ-ஃபிளாட், இ-ஃபிளாட்டோடு ஜி. இறக்கம் முழுசாக வந்துவிட்டது. எளிய பதிப்பின் முச்சுரக் கார்டுக்கு மூன்று விரல் வேண்டும் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டு விரல் வழியில் அச்சு மையும் கொஞ்சம் மிச்சம்; கலைக்காக இல்லாவிட்டாலும் அதற்காகவாவது யோசிக்கலாம்.