மின் வடிவமைப்பாளர் தேர்வு: மூலமும் உரையும்

மின் வடிவமைப்பாளர் என்பவர் மின்சாரத்தைத் தொடாமலேயே அது எந்த வழியாகப் போக வேண்டும் என்று முடிவு செய்பவர். ஒரு தொழிற்சாலைக்கோ மருத்துவமனைக்கோ டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கேவிஏ, பிரேக்கர் எத்தனை ஆம்பியர், கேபிள் எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டு, அதை சிங்கிள் லைன் டயகிராமாக வரைந்து தருவது அவர் தொழில். அம்பத்தூரிலும் கிண்டியிலும் பேனல் செய்வோர், கட்டடங்களுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டன்ட்டுகள், சோழிங்கநல்லூர் பக்கம் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கத் தொழிற்சாலைக்கு 480 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் வரைந்து அனுப்பும் வடிவமைப்பு மையங்கள் என எல்லாருக்கும் இவர் வேண்டும். எப்போதும் வேண்டும். ஆனால் இவரைத் தேர்ந்தெடுப்பதற்கென்று சாத்திரம் எதுவும் வகுக்கப்படவில்லை. வழக்காறு மட்டுமே நிலவுகிறது. அந்த வழக்காறு இங்கே விளம்பரம் தொடங்கிப் பணியில் சேரும் வாரம் வரை ஆராயப்படுகிறது.

ஒரு காலத்தில் இது இரண்டு பேர் வேலை. எஞ்சினியர் கணக்குப் போட்டார். டிராஃப்ட்ஸ்மேன் டிரேசிங் தாளில் மை கொண்டு வரைந்தார். அமோனியா நெடியோடு நகல் வந்தது. 1982 டிசம்பரில் கணினியிலேயே வரையும் ஆட்டோகேட் மென்பொருள் வெளிவந்தது. அது நம்மூர் அலுவலகங்கள் வரை பரவியபோது வரைபலகை போயிற்று. பின்னாலேயே அதன் முன் நின்றவரும் போனார். இருவர் வேலையும் ஒரே நாற்காலிக்கு வந்து சேர்ந்தது. இருவர் சம்பளம் மட்டும் வந்து சேரவில்லை. இன்று நிறுவனம் தேடுவது கணக்குத் தெரிந்த வரைவாளரையா, வரையத் தெரிந்த எஞ்சினியரையா என்பது நிறுவனத்துக்கே தெளிவாக இல்லை. தேர்வு முறையிலுள்ள குழப்பங்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன.

விளம்பரம்தான் இத்துறையின் மூலபாடம். பாடபேதங்கள் இருந்தாலும் பொதுவடிவம் ஒன்றே: பி.இ. அல்லது டிப்ளமோ இஇஇ. இரண்டு முதல் நான்கு ஆண்டு அனுபவம். ஆட்டோகேட், இப்ளான், ஈடாப், டயலக்ஸ், ரெவிட் ஐந்திலும் தேர்ச்சி. பிஎல்சி தெரிந்தால் நலம். அழுத்தத்தைத் தாங்கி வேலை செய்யும் மனப்பாங்கு. உடனே சேர்பவருக்கு முன்னுரிமை.

இதற்கு உரை வருமாறு. இப்ளான் என்பது கன்ட்ரோல் பேனலின் வயரிங்கை வரைவது. ஈடாப் என்பது மின்னமைப்பில் ஷார்ட் சர்க்யூட் நேர்ந்தால் எத்தனை ஆம்பியர் பாயும் என்பது முதலானவற்றைக் கணிப்பது. டயலக்ஸ் என்பது அறைக்குள் எத்தனை லக்ஸ் வெளிச்சம் விழும் என்று சொல்வது. ரெவிட் என்பது கட்டடத்தையே முப்பரிமாணத்தில் கட்டிக் காட்டுவது. இவை நான்கும் நான்கு தனித் தொழில்கள். நான்கிலும் கைதேர்ந்த ஒருவர் இரண்டே ஆண்டு அனுபவத்தில் அகப்படுவாரா என்று மூலத்தை எழுதியவர் யோசித்ததற்கு அகச்சான்று இல்லை. பழைய விளம்பரம் ஒன்றில் பாதியும் போட்டி நிறுவனத்தின் விளம்பரத்தில் பாதியும் எடுத்துத் தொகுத்திருக்கலாம் என்பது ஊகம். ஈடாப் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஈடாப் உரிமம் வாங்கப்பட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அழுத்தம் என்றது மின்னழுத்தமன்று. சனிக்கிழமை என்று கொள்க.

விளம்பரத்துக்கு எதிர்வினையாக வந்து குவியும் பயோடேட்டாக்களில் இடைச்செருகல் மிகுதி. மென்பொருட்களின் பெயர்கள் விளம்பரத்தில் இருந்த அதே வரிசையில், சில வேளை அதே எழுத்துப் பிழையோடு, பயோடேட்டாவிலும் வரும். இதைக் கொண்டு எது எதற்கு முந்தியது என்று எளிதில் காலம் கணிக்கலாம். அடுத்தது திட்டப் பட்டியல். மெட்ரோ ரயில் நிலையம், டேட்டா சென்டர், பல்துறை மருத்துவமனை ஆகிய மூன்றும் பெரும்பாலும் இருக்கும். ஒரே ரயில் நிலையத்தை ஒருவரையொருவர் அறியாத பலர் தனித்தனியே வடிவமைத்திருப்பார்கள். இதைப் பொய் என்று தள்ளிவிடுவது ஆய்வு நேர்மை ஆகாது. ஒருவர் கேபிள் ஷெட்யூல் போட்டிருப்பார். ஒருவர் கேபிள் டிரே போகும் வழியைக் குறித்திருப்பார். ஒருவர் வரைபடத்தின் மூலையிலுள்ள டைட்டில் பிளாக்கில் தேதி மாற்றியிருப்பார். மூவருக்கும் அந்த நிலையத்தில் பங்குண்டு. வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று டைட்டில் பிளாக்கில் மூன்று கட்டங்கள் உள்ளன. விண்ணப்பித்தவரின் பெயர் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று கேட்டால் போதும், உண்மை ஓரளவு வெளிப்படும். மூன்று கட்டத்திலும் ஒரே இனிஷியல் இருக்கும் சிறு நிறுவனங்களும் உண்டு என்பதால் இச்சோதனை முழு நம்பிக்கைக்கு உரியதன்று. பயோடேட்டாவின் கடைசி வரியில், மேலே கண்டவை யாவும் உண்மை என்ற உறுதிமொழி இருக்கும். அது தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறதா, மென்பொருள் பட்டியல் வரைக்கும் செல்லுமா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது.

நேர்காணல் குழுவில் மனிதவளத் துறையிலிருந்து ஒருவரும் தொழில்நுட்பத் தலைவரும் இருப்பார்கள். சிறு நிறுவனமானால் முதலாளியும் நடுவில் வந்து உட்கார்ந்து, சொந்த ஊர் எது என்று கேட்டுவிட்டுப் போவார். கேள்விகளில் காலத்தால் மூத்ததும் மாறாததும் ஒன்று: டிரான்ஸ்ஃபார்மரின் ரேட்டிங் ஏன் கேவிஏ-வில் இருக்கிறது? விடை அழகானது. டிரான்ஸ்ஃபார்மரில் இழப்பு இரண்டு வகை. இரும்பிழப்பு வோல்டேஜைப் பொறுத்தது, தாமிர இழப்பு மின்னோட்டத்தைப் பொறுத்தது. சூடேறுவது இவ்விரண்டால்தான். பவர் ஃபேக்டருக்கு இதில் வேலையே இல்லை. டிரான்ஸ்ஃபார்மரைச் செய்பவருக்கு நாளை அதில் எந்த லோடு மாட்டப்படும் என்றும் தெரியாது. ஆகவே கிலோவாட் பொருந்தாது, கேவிஏ பொருந்தும். இக்கேள்வியின் ஒரே குறை, விடை எல்லாருக்கும் தெரியும் என்பது. கேட்பவரும் ஒரு காலத்தில் இதே விடையைச் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்தார். குரு சீட மரபில் வாய்மொழியாக இறங்கிவந்து, இப்போது கைப்பேசியிலும் கிடைக்கிறது. ஆகவே இக்கேள்வி பிரித்துக் காட்டுவது அறிந்தவரையும் அறியாதவரையும் அன்று. முந்தைய நாள் இரவு தேடிப் படித்தவரையும் சீக்கிரம் தூங்கப்போனவரையும்தான். மின்கம்பியில் உட்காரும் காக்கைக்கு ஏன் ஷாக் அடிப்பதில்லை என்பதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் பற்றிய கேள்வியை இவற்றோடு சேர்க்கக் கூடாது. அது பாதி வழி வரை மனப்பாடத்தில் போகும். ஸ்டாரில் தொடங்கும்போது மோட்டாரின் ஒவ்வொரு சுருளுக்கும் லைன் வோல்டேஜில் 58 விழுக்காடுதான் கிடைக்கும். அதனால் நேரடியாகத் தொடங்கும்போது இழுப்பதில் மூன்றில் ஒரு பங்கு மின்னோட்டமே இழுக்கும். டார்க்கும் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். இதுவரை எல்லாரும் தடையின்றி வந்துவிடுவார்கள். அப்படியானால் ஓவர்லோட் ரிலேயை எத்தனை ஆம்பியரில் வைப்பீர்கள் என்ற துணைக்கேள்வி விழும் இடத்தில் அறை அமைதியாகும். வழக்கமான அமைப்பில் ரிலே மெயின் கான்டாக்டருக்குக் கீழே, சுருளோடு தொடராக உட்கார்ந்திருக்கிறது. அதன் வழியே போவது மோட்டாரின் முழு மின்னோட்டம் அன்று, அதில் 0.58 மடங்கு மட்டுமே. 100 ஆம்பியர் மோட்டாருக்கு ரிலே 58-இல் நிற்க வேண்டும். 100-இல் வைத்தால் மோட்டார் புகையும் வரை ரிலே சும்மா இருக்கும். பேனல் கடையில் ஆறு மாதம் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தவர் இதை யோசிக்காமல் சொல்லிவிடுவார். நியூட்டன்-ராப்சன் முறையில் லோடு ஃப்ளோவைப் பக்கம் பக்கமாகக் கையால் போட்டுப் பட்டம் வாங்கியவர் கூரையைப் பார்ப்பார். குழுவில் இருப்பவருக்கும் விடை தெரியாத இடங்களில் இக்கேள்வி கேட்கப்படுவதில்லை.

மேலே கண்டவை யாவும் வாயால் நடக்கும் தேர்வுகள். சேரப்போகும் வேலையோ கோட்டால் நடப்பது. இந்த முரணை உணர்ந்த மிகச் சில இடங்களில் மட்டும் ஓர் அரிய முறை காணப்படுகிறது: வேண்டுமென்றே தவறுகள் வைத்த ஒரு வரைபடத்தையும் சிவப்புப் பேனாவையும் கொடுத்து அரை மணி நேரம் தனியே விட்டுவிடுவது. எடுத்துக்காட்டாக, 11 கேவி-யை 433 வோல்ட்டாக்கும் 1000 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் 5 விழுக்காடு. எல்டி எனப்படும் 433 வோல்ட் பக்கத்தில் முழு லோடு 1333 ஆம்பியர். 1600 ஆம்பியர் ஏசிபி, அதாவது ஏர் சர்க்யூட் பிரேக்கர், போட்டிருக்கும். பார்த்தவுடன் மனம் நிறையும். ஆனால் 1333-ஐ 0.05-ஆல் வகுத்தால், எச்டி எனப்படும் 11 கேவி பக்கத்தின் வலிமைக்கு எல்லை இல்லை என்று கொள்ளும்போது, ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் 26.7 கிலோ ஆம்பியர் ஆகிறது. வரைபடத்திலோ பேனலின் தாங்குதிறன் 25 கிலோ ஆம்பியர் என்று சிறிய எழுத்தில் எழுதியிருக்கும். முதல் தவறு அது.

இரண்டாவது தவறு கேபிளில். முழுக்கக் கணினியும் எல்இடி விளக்கும் உள்ள அலுவலகத் தளத்துக்கு மூன்றரை கோர் கேபிள் இழுத்திருக்கும். அதில் நியூட்ரல் பாதி அளவுதான். இத்தகைய லோடுகள் உண்டாக்கும் மூன்றாம் ஹார்மோனிக்ஸ் மூன்று ஃபேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதில்லை, கூடிக்கொள்கின்றன. நான்கு முழுக் கோர் தேவைப்படும் இடம் இது. மூன்றாவது, மோட்டாருக்கு ஒரே ஒரு எர்த். 1956-இன் இந்திய மின்சார விதிகளிலிருந்து இன்றைய மத்திய மின்சார ஆணைய விதிகள் வரை, 415 வோல்ட் மோட்டாரின் உலோக உடலுக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்றே சொல்லி வருகின்றன. நான்காவது தவறு வாடிக்கையாளரின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

சோதனைக்கு உட்படுவோர் மூவகையினர். முதல் வகையினர் எழுத்துப் பிழையை மட்டும் கண்டுபிடித்து அதைச் சுற்றி ரிவிஷன் மேகம் வரைந்து தருவர். இவர்களை இகழலாகாது, வாடிக்கையாளர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். இரண்டாம் வகையினர் நான்கையும் கண்டுபிடிப்பர். மூன்றாம் வகையினர் பேனாவைத் தொடாமல் எழுந்துவந்து, லோடு லிஸ்ட் எங்கே, பேனலிலிருந்து மோட்டார் 30 மீட்டரா 300 மீட்டரா என்று கேட்பர். நீளம் தெரியாமல் வோல்டேஜ் டிராப் போட முடியாது. டிராப் தெரியாமல் கேபிள் அளவு சரியென்றோ தவறென்றோ சொல்ல முடியாது. ஆகவே அந்தத் தாளில் உள்ள மிகப்பெரிய தவறு அதில் இல்லாத ஒரு தகவல். இதைக் கண்டவரே வடிவமைப்பாளர். ஆனால் மதிப்பெண் படிவத்தில் விடைகளுக்குத்தான் இடமுண்டு, எதிர்க்கேள்விக்கு இல்லை. பேச்சுத் திறன் என்ற கட்டத்தில் இவருக்குக் குறைந்த மதிப்பெண் விழுவதும் உண்டு.

வருவோரின் பூர்வீகத்தையும் சுருக்கமாகக் குறிக்க வேண்டும். பேனல் கடையிலிருந்து வருபவருக்கு இரும்புத் தகட்டின் அளவு தெரியும், அறிக்கை எழுத வராது. சைட்டிலிருந்து வருபவர் எந்த வரைபடத்தையும் நம்ப மாட்டார், இது நற்பண்பு. வளைகுடாவிலிருந்து திரும்பியவர் 50 டிகிரி வெயிலுக்குக் கேபிளின் திறனைக் குறைத்துப் போட்டுப் பழகியவர், சம்பளத்தில் மட்டும் எந்தக் குறைப்பும் ஏற்காதவர். புதிதாகப் பட்டம் பெற்றவர்களில் பலர் வருவதேயில்லை. தரமணியில் 2000-இல் டைடல் பார்க் எழுந்தது. அதற்குத் தெற்கே சாலை நெடுக மென்பொருள் அலுவலகங்கள் முளைத்தன. மின்னியல் படித்தவரைப் பறித்துக்கொள்ளும் போட்டியாளர் இன்னொரு மின் நிறுவனம் அன்று என்பது அப்போதே முடிவாகிவிட்டது.

சம்பளப் பேச்சு குறுகியது. எதிர்பார்ப்பு எவ்வளவு என்று கேட்கப்படும். கம்பெனி வழக்கப்படி என்று விடை வரும். இருவர் மனத்திலும் எண் உண்டு, இருவரும் சொல்ல மாட்டார்கள். பிறகு சிடிசி என்னும் தொகை வெளிப்படும். நிறுவனம் கட்டும் பிஎஃப், ஐந்தாண்டு இருந்தால் கிடைக்கும் கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள் அடக்கம். கைக்கு வருவது எவ்வளவு என்று கேட்பவர் அனுபவசாலி.

நோட்டீஸ் காலம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. தம்மிடமிருந்து விலகுபவர் 90 நாள் இருந்துவிட்டுப் போக வேண்டும் என்று விதிக்கும் நிறுவனமே, தம்மிடம் சேர்பவர் பதினைந்து நாளில் வந்துவிட வேண்டும் என்று விளம்பரம் செய்கிறது. எல்லா நிறுவனங்களும் இப்படிச் செய்வதால், எவரும் எங்கும் சேர முடியாத நிலை கோட்பாட்டளவில் உருவாகிறது. நடைமுறையில் இந்த முடிச்சை அவிழ்ப்பவர் வடிவமைப்பாளரே. 90 நாளில் அவர் கையிலிருக்கும் ஒரு ஆஃபர் லெட்டரைக் காட்டி இன்னொன்று வாங்குகிறார். அதைக் காட்டிப் பழைய இடத்தில் சம்பளத்தை ஏற்றிக்கொண்டு அங்கேயே இருந்துவிடுகிறார். சேரும் நாளன்று காலை மேசை துடைத்து அடையாள அட்டை அடித்து வைத்துக் காத்திருக்கும் நிறுவனத்துக்குக் கைப்பேசி அணைக்கப்பட்டுள்ளது என்ற செய்தி மட்டும் கிடைக்கும். இதை ஒழுக்கக்கேடு என்று கண்டிப்போர், அந்த 90 நாளை எழுதியது யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உண்மையிலேயே வந்து சேர்பவருக்கு முதல் வாரம் வேலை இராது. கணினி வந்திருக்கும், மென்பொருள் உரிமம் வந்திருக்காது. ஐடி துறைக்கு மின்னஞ்சல் போயிருக்கும். அதுவரை சும்மா இருக்க வேண்டாமே என்று பழைய வரைபடங்களை ஏ3 தாளில் அச்செடுத்து, ஒரு சிவப்புப் பேனாவும் கொடுத்து, பார்த்து வையுங்கள் என்பார்கள். வந்தவருக்கு வடிவமைப்புத் தெரியுமா தெரியாதா என்பது இரண்டாம் நாள் மதியத்துக்குள் வெளிப்பட்டுவிடுகிறது. இதே தாளையும் பேனாவையும் நேர்காணல் அன்றே கொடுத்திருக்கலாம் என்ற கருத்து இன்னும் பெரும்பான்மை நிறுவனங்களால் ஏற்கப்படவில்லை.