டாக்டர் ஓட்டின வண்டி இல்லை சார்!

செகண்ட் ஹேண்ட் கார் புரோக்கர்களுக்கு மூன்றே மூன்று வசனம்தான் தெரியும். ‘டாக்டர் ஓட்டின வண்டி சார்.’ ‘சிங்கிள் ஓனர் சார்.’ ‘வீடு, ஆபீஸ், வெள்ளிக்கிழமை கோயில், அவ்வளவுதான் சார் ஓடியிருக்கு.’

1980-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரத்துக்கு வந்து சேர்ந்த ஒரு பழைய காருக்கு இந்த மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க முடியாது. அதைச் செய்த கம்பெனியின் வண்டிகளை ஓட்டியவர்கள் டாக்டர்கள் இல்லை, டாக்டர்களுக்கு வேலை கொடுத்தவர்கள். கோயிலுக்குப் போனதாகத் தகவல் இல்லை. சாமியை வேண்டிக்கொண்டுதான் ஏறியிருப்பார்கள். ஏனென்றால் அது ஒரு ஃபார்முலா ஒன் கார். கொண்டு வந்தவர் விஜய் மல்லையா.

பெயரைக் கேட்டதும் பேங்க் மேனேஜர்கள் யாரும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இது அதற்கெல்லாம் முந்தைய கதை. அப்போது அவர் பணக்கார அப்பாவின் பிள்ளை, அவ்வளவுதான்.

பழைய வண்டியை ஓட்டுவது வடசென்னைக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகள் பலவும் வெள்ளைக்காரன் போட்ட சட்டையைத் தைத்துப் போட்டு வளர்ந்தவைதான். 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 என்ற இங்கிலாந்துக் காரைப் பூட்டி விற்றது. காரில் பெரிதாக ஒன்றும் தேறாது என்று தெரிந்ததும் லாரிக்கு மாறி, 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. புத்திசாலிகள். கார் வாங்கியவன் செலவு செய்வான், லாரி வாங்கியவன் சம்பாதிப்பான்.

அதே 1955-ல் திருவொற்றியூர்ப் பக்கம் புல்லட் வந்தது. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்பீல்டு, தன் 350 சி.சி. மாடலைச் சொல்லிக் கொடுத்து, அச்சையும் கருவியையும் கொடுத்தது. பிறகு சீமையில் ‘இதெல்லாம் பழசு’ என்று சொல்லிப் புது மாடல் புது மாடலாகப் போட்டார்கள். போட்டுப் போட்டே 1970-களின் தொடக்கத்தில் கடையைக் கட்டினார்கள். திருவொற்றியூர்க்காரர்களோ எதையும் மாற்றவில்லை. மாற்ற வசதியில்லை என்றும் சொல்லலாம், மாற்றத் தோன்றவில்லை என்றும் சொல்லலாம். 1977-ல் அதே புல்லட்டைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கே விற்றார்கள். தாத்தாவின் கோட்டைப் பேரனுக்கே புது விலைக்கு விற்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

எம்.ஆர்.எஃப். கதை இன்னும் தமாஷ். 1946-ல் மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்தார். குழந்தைகள் ஊதும் பலூன்தான். 1952-ல் டிரெட் ரப்பருக்கு வந்தார். அதாவது, தேய்ந்து வழுக்கையாகிப் போன டயருக்கு மேலே புதுத் தோல் ஒட்டும் சமாச்சாரம். புது டயர் செய்யத் தொடங்கியது 1961-ல்தான். ஆக, லாரியோ பைக்கோ டயரோ, ‘இது செத்துவிட்டது’ என்று டாக்டர் கைவிட்ட எதையும் வடசென்னை நம்பியதில்லை. வெல்டிங் வைத்து, போர் போட்டு, ரிங் மாற்றி, பட்டி பார்த்து, மறுபடி ரோட்டில் இறக்கிவிடும்.

நாட்டு நிலவரமும் அதற்குத் தோதாகத்தான் இருந்தது. அம்பாசடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள், பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திரு. வெளிநாட்டுக் கார் வேண்டுமா? வரி காரின் விலையைத் தாண்டும். அதற்கும் லைசென்ஸ் வேண்டும். கெட்டிக்காரர்கள் கண்டுபிடித்த வழி, ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன். தூதரகக்காரர்கள் ஓட்டிவிட்டு ஊருக்குப் போகும்போது விட்டுச் செல்லும் கார்களை அரசாங்கமே டெண்டர் வைத்து விற்றது. இந்தியாவின் ஜமீன்தார்களும் சினிமாக்காரர்களும் ஏதோ ஒரு நாட்டின் மூன்றாம் செயலாளர் உட்கார்ந்து தேய்த்த சீட்டில், ராஜாவைப் போல உட்கார்ந்து போனார்கள். நடிகர் எம்.ஆர்.ராதா மட்டும் தன் இம்பாலாவில் மாட்டுக்கு வைக்கோல் ஏற்றி அனுப்பினார் என்று சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, படகுக் காருக்கு இதைவிட நல்ல மரியாதையை வேறு யாரும் செய்ததில்லை.

இப்படிப்பட்ட தேசத்தில்தான் சோழவரம் இருந்தது. செங்குன்றம் தாண்டி, கல்கத்தா நெடுஞ்சாலையில் போனால் வரும். சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஏரி ஒரு பக்கம், இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளம் இன்னொரு பக்கம். யுத்தம் முடிந்து விமானம் போன பிறகு ஓடுதளம் சும்மா கிடந்தது. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. சும்மா கிடந்த ஓடுதளமும் சும்மா இருக்க முடியாத ஆசாமிகளும் சந்தித்தால் என்ன நடக்குமோ, அது நடந்தது. கார் பந்தயம்.

பந்தயத்துக்கு வந்த கூட்டம் இருக்கிறதே, அது ஒரு தனி ஜாதிக் கலப்பு. ஒரு பக்கம் கோண்டல் மகாராஜா. இன்னொரு பக்கம் காலையில் வேலைக்குப் போன அதே பியட்டின் சைலன்சரைக் கழற்றி வீசிவிட்டு வந்த மெட்ராஸ் இளைஞன். மகாராஜாக்களும் தொழிலதிபர் வீட்டுப் பிள்ளைகளும் லோட்டஸ், செவ்ரான் என்று இங்கிலாந்தில் ஓடி ஓய்ந்த பந்தயக் கார்களைக் கொண்டு வந்தார்கள். சீமையில் பென்ஷன் வாங்க வேண்டிய வண்டிகள் சோழவரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் போயின.

அந்த வரிசையில் உச்சம்தான் மல்லையாவின் என்சைன்.

என்சைனின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மோ நன் என்ற இங்கிலாந்துக்காரர் நடத்திய சின்ன அணி. 1973 முதல் 1982 வரை ஃபார்முலா ஒன்னில் ஓடியது. ஓடியது என்றால் ஓடியது, அவ்வளவுதான். பத்து வருஷத்தில் ஒருமுறைகூட மேடையேறவில்லை. அதிகபட்ச சாதனை, 1981 பிரேசில் பந்தயத்தில் மார்க் சூரர் வாங்கிய நான்காம் இடம். பிற்காலத்தில் மூன்று முறை உலக சாம்பியனான நெல்சன் பிக்கே 1978-ல் ஜெர்மனியில் தன் முதல் ஃபார்முலா ஒன் பந்தயத்தை என்சைனில்தான் ஓட்டினார். எஞ்சின் போய்ப் பாதியில் நின்றார். மூன்று சாம்பியன் பட்டங்களையும் வேறு அணிகளில் வாங்கினார்.

புரோக்கர் பாஷையில் சொன்னால்: ‘பேருக்கு ஃபார்முலா ஒன் சார், கப்பு எதுவும் தூக்கினது கிடையாது, அதனால கீறல் கம்மி.’

ஆனால் வண்டிக்குள் இருந்த சரக்கு நிஜமான சரக்கு. காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சின். மூன்று லிட்டர், எட்டு சிலிண்டர். ஃபோர்டு கம்பெனி ஒரு லட்சம் பவுன் கொடுக்க, கீத் டக்வொர்த் வடிவமைத்தார். 1967-ல் ஹாலந்தில் ஜிம் கிளார்க்கின் லோட்டஸில் இறங்கிய முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது. பிறகு 7,500 பவுன் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் என்றானது. அதனால்தான் மோ நன் மாதிரி சின்ன ஆசாமிகளும் ஃபார்முலா ஒன் அணி வைத்துக்கொள்ள முடிந்தது. எழுபதுகளின் கடைசியில் அதன் சக்தி ஏறக்குறைய 470 குதிரை. அன்றைய பியட்டான பிரீமியர் பத்மினிக்குச் சுமார் 40. ஏறக்குறைய பன்னிரண்டு பியட்டின் குதிரைகளை ஒரே லாயத்தில் கட்டி, பியட்டைவிட எடை குறைந்த வண்டியில் பூட்டினால் எப்படியிருக்கும்? சோழவரத்து ஜனத்துக்கு அது காதாலேயே புரிந்திருக்கும்.

சரி, வாங்கியாயிற்று. ஓட்டுவது யார் அப்பன் வீட்டுச் செலவு?

இங்கேதான் வடசென்னையின் வைத்திய சாஸ்திரம் மண்டியிடுகிறது. ராயபுரத்திலிருந்து நல்ல கைராசிக்கார மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் காரைக் காட்டியிருந்தால் பேச்சு இப்படித்தான் போயிருக்கும்:

“இன்னா சார், பின்னாடி சேசிஸே காணோம்?”

“எஞ்சின்தாம்பா சேசிஸ். பின் சக்கரமெல்லாம் அதுலதான் மாட்டியிருக்கு.”

“அப்போ எஞ்சின் இறக்குனா?”

“கார் ரெண்டாயிடும்.”

“சரிதான். எப்போ இறக்கணும்? அம்பதாயிரம் கிலோமீட்டருக்கா?”

“ஒண்ணு ரெண்டு ரேஸுக்கு ஒரு தடவை. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டாது.”

“இன்னாது? மதுரைக்குப் போயி மீனாட்சியப் பாத்துட்டு வந்தா எஞ்சின் வேலையா?”

“ஆமாம்பா.”

“பார்ட்ஸு? புதுப்பேட்டைல கெடைக்குமா?”

“இங்கிலாந்துல.”

“நம்மளுக்கு ஆவாது சார். இத்த தள்ளிட்டு ஒரு லேலண்டு வாங்கு. துறைமுகத்துல லோடு அடிச்சுக்கினு நிம்மதியா இருக்கலாம்.”

இந்த உரையாடல் நடக்கவில்லை. நடந்திருக்க வேண்டும். ஏனென்றால் இதில் பொய் ஒன்றும் இல்லை. டி.எஃப்.வி.யில் எஞ்சின் என்பது காருக்குள் வைத்த பொருள் அல்ல, காரின் பின்பாதியே அதுதான். முன்னால் டிரைவர் உட்காரும் தொட்டி, அதன் முதுகில் போல்ட் போட்டு எஞ்சின், எஞ்சினின் முதுகில் கியர் பாக்ஸ், அதில் பின் சக்கரங்கள். நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்தில் வால்வு ஸ்பிரிங்கோ பேரிங்கோ கொஞ்சம் தளர்ந்தால், ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்ற பேச்சே கிடையாது, அப்புறம் பார்க்க எஞ்சின் இருக்காது. புல்லட் என்றால் கொஞ்சம் ஆயில் ஒழுகும், துடைத்துவிட்டு உதைத்தால் ஸ்டார்ட் ஆகும். புல்லட்டுக்குத் தப்பைப் பொறுக்கும் குணம் உண்டு. ஃபார்முலா ஒன் கார் தப்பைப் பொறுக்காது, ஓட்டுபவனையும் பொறுக்காது, செக் புக்கை மட்டும்தான் பொறுக்கும்.

இதை முழுசாகப் புரிந்துகொண்டவர் ஒருவர் இருந்தார், கோயம்புத்தூரில். எஸ்.கரிவர்தன். சோழவரத்தில் ஓட்டியவர்தான், பணத்துக்கும் பஞ்சமில்லாதவர். ஆனால் அவருக்கு வேறு யோசனை ஓடியது. சீமைக் கிழத்தை இறக்குமதி செய்து அதற்கு மருந்து வாங்கியே மாள்வதைவிட, நம்மூர் எஞ்சினைப் போட்டு நாமே ஒற்றை சீட் காரைச் செய்தால் என்ன? செய்தார். மாருதி 800-ன் மூன்று சிலிண்டர் எஞ்சினைப் பின்னால் வைத்து அவர் செய்த கார்தான் ஃபார்முலா மாருதி. கெட்டுப்போனால் பார்ட்ஸ் பக்கத்துத் தெருவில் கிடைக்கும். அதன் வேகத்தைப் பார்த்துப் பணக்காரர்கள் சிரித்திருக்கலாம். ஆனால் நரேன் கார்த்திகேயன் தன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அந்தக் காரில்தான். அவர் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். 1995-ல் விமான விபத்தில் இறந்த கரிவர்தன் அதைப் பார்க்கவில்லை.

1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் வந்தது. சோழவரத்து ரேஸ் சகாப்தம் முடிந்தது. எல்லாரும் பாடம் கற்றார்கள், ஒருவரைத் தவிர.

2007-ல் மல்லையாவும் ஹாலந்துக்காரர் மிஷியல் மோலும் சேர்ந்து 8.8 கோடி யூரோவுக்கு ஒரு ஃபார்முலா ஒன் அணியையே வாங்கினார்கள். புது அணியா? சே சே. முதலில் ஜோர்டான், 2006-ல் மிட்லண்ட், 2007-ல் ஸ்பைக்கர் என்று மூன்று கை மாறிய வண்டி. நாலாவது ஓனர் நம்மவர். ஆமாம், நரேன் ஓட்டிய அதே ஜோர்டான்தான். ஃபோர்ஸ் இந்தியா என்று பெயர் மாற்றி, பெயின்ட் அடித்து இறக்கினார்கள். முதல் வருஷம் ஒரு புள்ளிகூட இல்லை. நியாயமாகச் சொன்னால், பிறகு நன்றாகவே ஓடியது. 2009-ல் பெல்ஜியத்தில் முதல் வரிசையில் முதலாக நின்று இரண்டாம் இடம் வாங்கினார்கள், என்சைன் கனவிலும் காணாதது. ஆனால் பிரித்துப் பூட்டும் செலவு இருக்கிறதே, அது என்சைன் காலத்திலிருந்து மாறவே இல்லை. 2012-ல் மல்லையாவின் கிங்ஃபிஷர் விமானங்கள் தரையில் நின்றன. 2016 மார்ச்சில் ஓனர் லண்டனுக்குப் போனார், திரும்பவில்லை. 2018-ல் அணி திவால் நிர்வாகியிடம் போனது. அடுத்த ஓனர் வாங்கினார். இன்று அதே அணி ஆஸ்டன் மார்ட்டின் என்ற போர்டோடு நிற்கிறது. ஐந்தோ ஆறோ கை, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, சோழவரத்து வழக்கின் தீர்ப்பு இதுதான்: பழைய வண்டி வாங்குவதில் தப்பே இல்லை. வடசென்னையே அதற்குச் சாட்சி. ஆனால் எதைத் திறந்து மூட நம்மூரில் ஒரு கை இருக்கிறதோ அந்தப் பழசுதான் சொத்து. மற்றதெல்லாம் கடன்.

இதையெல்லாம் படித்த பிறகும் பழைய ஃபெராரி ஆசை போகாதவர்களுக்கு ஒரு தகவல். எண்ணூர்த் துறைமுகத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் கப்பல் கப்பலாகக் கார் ஏறுவதைப் பார்த்து, அதே கப்பலில் திரும்பி வரும்போது ஒன்றை இறக்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். விண்டேஜ் கார்களுக்குத் தனி விதி. மற்றபடி மூன்று வயதைத் தாண்டிய பழைய கார் இந்தியாவுக்குள் வர முடியாது, ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும், அப்படியும் இறங்க வேண்டிய இடம் மும்பைத் துறைமுகம். எனவே உள்ளூரில் ஏற்கெனவே இருப்பதைத்தான் வாங்க வேண்டியிருக்கும். வாங்குவதற்கு முன் ஆர்.சி. புக்கைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்கின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் ஐரோப்பாவில் இருந்தால் அட்வான்ஸைத் திருப்பி வாங்கிவிடுங்கள்.