பச்சை எங்கே சார்?

பொம்மை வடிவமைப்பது என் தொழில் என்றால், "குழந்தைங்களோட விளையாடிக்கிட்டே சம்பாதிக்கிறீங்க" என்பார்கள். உண்மையில் நான் மல்லுக்கட்டுவது பெரியவர்களோடு.

நிறக் கலவையைக் கற்றுத்தர ஒரு பம்பரம் செய்தேன். மேல்தட்டில் பாதி மஞ்சள், பாதி நீலம். கடைக்காரர் சுற்றினார். சாம்பல் நிறம் வந்தது. "பச்சை எங்க சார்?" என்றார், சீர்வரிசையை எண்ணிப் பார்க்கும் சம்பந்தியின் குரலில்.

வராது. மஞ்சள் சாயம் நீல ஒளியை விழுங்கும். நீலச் சாயம் சிவப்பை விழுங்கும். இரண்டையும் குழைத்தால், இருவர் வாய்க்கும் தப்பிப்பது பச்சை. பம்பரத்தில் யாரும் யாரையும் விழுங்குவதில்லை. இரண்டு நிறமும் மாறிமாறி விரைவாக வந்து விழ, கண் சலித்துப்போய் சராசரி போட்டுவிடுகிறது. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1850களில் வண்ணக் காகித வட்டுகளைப் பம்பரத்தில் மாட்டிச் சுற்றித்தான் நிறங்களை அளந்தார். 1861இல் லண்டனில் சிவப்பு, பச்சை, நீல ஒளிப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகத் திரையில் விழவைத்து, ஒரு ரிப்பனை வண்ணத்தில் காட்டினார்.

கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ரிட்டர்ன் வந்தா மாக்ஸ்வெல் எடுத்துக்குவாரா?" என்றார். பிறகு இறங்கிவந்து, "பேசாம பச்சைப் பெயின்ட் அடிச்சிடுங்களேன்."

அவர் கேட்ட பச்சை, மரப் பொம்மைக்குப் பேர்போன கர்நாடகத்துச் சன்னபட்டணத்தில் இருக்கிறது. அங்கே கடைசலில் சுழலும் வெப்பாலை மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடித்துக்கொள்ளும். தாழை ஓலையால் தேய்த்தால் முகம் பார்க்கலாம். மஞ்சளையும் அவுரியையும் அரக்கில் குழைத்தால் அங்கே அருமையான பச்சை. அதே இரண்டையும் பம்பரத்தின் மேல்தட்டில் பாதிப் பாதியாகத் தீட்டிச் சுற்றினால் பச்சை காணாமல் போய்விடும். ஒரே மரம், ஒரே சாயம், இரண்டு தீர்ப்பு. இதைவிட நல்ல பாடம் எந்த வகுப்பில் கிடைக்கும்? ஆனால் விற்கிறவருக்குத் தீர்ப்பு ஒன்றுதான் வேண்டும்.

சாயத்தில் ஈயம் கசிகிறதா என்ற சோதனை வேறு. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. நியாயமான சட்டம்தான். எங்கள் வாடிக்கையாளர்கள் நிறத்தை முதலில் நாக்கால்தான் ஆராய்கிறார்கள்.

கடைக்காரர் பச்சைப் பெயின்ட் கேட்ட அந்த நேரம் பார்த்து, ஒரு பெண்மணியின் இடுப்பிலிருந்து இறங்கிய வாண்டு பம்பரத்தைச் சுற்றியது. "ஐ, யானைக் கலர்!"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "யானைப் பம்பரம்னு போடுங்க சார். இருபது ரூபா கூட வச்சுக்கலாம்."