வினாக்கொத்தின் புகழ்

மனவடுவை அளக்க வந்த வினாக்கொத்தே, உன் சமநோக்கை எப்படிப் புகழ்வது! இந்தோசீன அகதிகளை வைத்து ஆக்கப்பட்டு, 1992 இல் அமெரிக்காவில் ஹார்வர்ட் மனவடு வினாக்கொத்து என்ற பெயரில் வெளிவந்தாய். அவர்களைக் கொண்டு குறித்த வெட்டுப்புள்ளி 2.5; பதில்களின் சராசரி அதைத் தாண்டினால் நோய் என்பது கணக்கு. அதே 2.5ஐத் தூக்கிக்கொண்டு இலங்கையின் தோப்பூருக்கும் வருகிறாயே, கடலும் மொழியும் மார்க்கமும் உனக்கொரு பொருட்டா? அந்தந்தச் சனத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்றார்கள் உன்னை ஆக்கியவர்கள். பெற்றவர் பேச்சையும் மீறும் சுயபுத்தி உன்னுடையது.

2006 ஓகஸ்டில் மூதூரும் தோப்பூரும் சண்டைக்குள் அகப்பட, சனம் கந்தளாய்க்கு ஓடியது. அப்படி ஓடித் திரும்பிய ஓர் உம்மாவின் திண்ணையில் உன் திறமையைப் பார்க்க வேண்டும்.

"கெட்ட கனவு வருகிறதா?"

"நித்திரை வந்தாத்தானே மகள் கனவு வரும்."

பேனை "இல்லவே இல்லை"யில் விழுகிறது. புள்ளி 1.

அடுத்து, வயற்காவலுக்குப் பரணில் கிடப்பவர். எந்நேரமும் உசாராக இருக்கிறீர்களா என்கிறாய்.

"யானை வந்தா என்ன செய்யிற தம்பி? ராவெல்லாம் முழிப்புத்தான்."

புள்ளி 4. நொந்தவரைச் சுகதேகியாகவும், தொழில் பார்ப்பவரை நோயாளியாகவும் ஒரே காலையில் ஆக்க எந்த வைத்தியரால் முடியும்?

உன் நம்பகமோ அசைக்க முடியாதது. இரண்டு கிழமை கழித்துக் கேட்டாலும் உம்மாவுக்கு அதே 1, காவற்காரருக்கு அதே 4. பிழையிலும் தடம் மாறாத உறுதி! குரொன்பாக் 1951 இல் தந்த அல்ஃபா குணகமும் உனக்குச் சாட்சி சொல்லும். கேள்விகள் தங்களுக்குள் ஒத்துப்போனால் அதற்குப் போதும். மனிதரோடு ஒத்துப்போகின்றனவா என்று அது கேட்பதில்லை. கேட்க வந்ததைத்தான் கேட்கிறாயா என்னும் தகுதிச் சோதனையை நம்பகத்தின் நிழலில் மறைத்துவிடும் கெட்டித்தனம் வேறு யாருக்கு வரும்?

எங்கள் சனத்தின் பெருமூச்சையும் துயரின் மொழியாகக் கேட்டு எழுதியவர் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம். காயத்ரி பெர்னாண்டோ இலங்கையரின் கதைகளை முதலில் கேட்டு, அவற்றிலிருந்தே கேள்விகளை எடுத்து, 2008 இல் தனி அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். அவ்வளவு காலம் காதுகொடுக்க உனக்கு அவசியமில்லை. சனம் வாய்திறக்கும் முன்பே அவர்கள் சொல்லக்கூடிய பதில் நான்கும் உன்னிடம் அச்சாகி இருக்கின்றன.

உன் புகழ் நிலைக்க வேண்டுமானால் ஒன்றை மட்டும் எவரும் செய்துவிடக் கூடாது. தமிழில் பேசும் மனநல வைத்தியர் ஒருவர், உன் புள்ளியைப் பாராமல், அதே உம்மாவோடும் காவற்காரரோடும் ஆறுதலாக இருந்து கதைத்து, தன் முடிவை உன் முடிவுக்குப் பக்கத்தில் வைத்துவிடக் கூடாது. வைத்தால், அந்த 2.5 தோப்பூரில் யாரையெல்லாம் கைவிட்டது, யார்மீதெல்லாம் வீணாக நோய்ப்பெயர் ஒட்டியது என்று பெயர் பெயராகத் தெரிந்துவிடும். பிறகு உன்னைத் திருத்தாமல் எவராலும் புகழ முடியாது.