டைரி எழுதிப் பெரிய ஆளாவது எப்படி?

தினமும் டைரி எழுதினால் மனிதன் வளர்வான் என்கிறார்கள். அறந்தாங்கியில் இருந்துகொண்டு வளர நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்.

டைரியைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். வருஷக் கடைசியில் நகைக்கடைக்காரரோ உரக்கடைக்காரரோ இன்சூரன்ஸ் ஏஜெண்டோ கொடுத்துவிடுவார். தராவிட்டால், "என்னண்ணே, இந்த வருஷம் டைரி போடலையா?" என்று கடைவாசலில் நின்று கேளுங்கள். ஓசி டைரியில் ஒரு வசதி உண்டு. எழுதாமல் விட்டாலும் மனசு உறுத்தாது.

ஜனவரி 1 அன்று பிள்ளையார் சுழி போட்டு, நாளை முதல் விடிகாலை நாலு மணிக்கு எழுவதாக எழுதுங்கள். எழுந்ததாக எழுதிவிடாதீர்கள், பொய் சொல்வது வளர்ச்சிக்கு ஆகாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை ஒதுக்கும்போது டைரி தானாகப் பரணுக்குப் போய்விடும். அங்கிருந்து இறங்கி வரும்போது அது பால் கணக்கு நோட்டாகியிருக்கும். அதையும் வளர்ச்சி என்றே வைத்துக்கொள்ளலாம்.

நன்றி சொல்ல மூன்று விஷயங்களைத் தினமும் எழுதச் சொல்வார்கள். முதல் நாள் அப்பா, அம்மா, ஆவுடையார்கோயில் ஆத்மநாதர். மறுநாள் புதுக்கோட்டை பஸ்ஸில் கிடைத்த சன்னலோர சீட்டு. மூன்றாம் நாள் யாரும் ஒன்றும் செய்திருக்கமாட்டார்கள். அன்றைக்கு லீவு விடுங்கள்.

முன்னோடி வேண்டுமென்றால் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை இருக்கிறார். 1736-இல் தொடங்கி 1761 வரை எழுதியவர். பிரெஞ்சு குவர்னர் டூப்ளேவின் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். அவர் குறிப்புகளில் கப்பல் வந்த சேதி உண்டு, சரக்கு விலை உண்டு, குவர்னர் வீட்டு வம்பு உண்டு, யார் யாருக்கு என்ன வெகுமதி கொடுத்தார்கள் என்பதும் உண்டு. தன்னைச் செதுக்கிக்கொள்ள அவர் உட்கார்ந்ததாகத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, கால் நூற்றாண்டு எழுத முடிந்திருக்கிறது.

அந்த வகை எழுத்து நம் பக்கத்தில் இன்னும் சாகவில்லை. பீரோவைத் திறந்து பட்டுப்புடவைக்குக் கீழே பாருங்கள். மொய் நோட்டு இருக்கும்.

ஆடி, ஆவணியில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, அறந்தாங்கி வட்டாரத்தில் மொய் விருந்து நடக்கும்போது இந்த நோட்டின் மகிமை தெரியும். விருந்துச் செலவைப் பங்கிட்டுக்கொண்டு பல குடும்பங்கள் ஒரே பந்தலில் வைப்பார்கள். கறிச்சோறு ஒருபக்கம், வரிசையாக மொய் எழுதும் மேசைகள் மறுபக்கம். ஊர், பேர், தொகை: அவ்வளவுதான் எழுத்து. வர்ணனை இல்லை, தத்துவம் இல்லை. வாங்கிய பணத்தில் ஒருவர் போர் போடுவார், ஒருவர் மகளைக் காலேஜில் சேர்ப்பார். பிறகு மற்றவர்கள் விருந்து வைக்கும்போது, அவர்கள் செய்ததையும் மேலே கொஞ்சம் புதுமொய்யும் சேர்த்துச் செய்ய வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தது. நோட்டில் இருந்த கணக்கு சாயவில்லை. இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி ரசீதும் தருகிறார்கள். ஆனாலும் வீட்டு நோட்டில் ஒருமுறை எழுதினால்தான் அம்மாக்களுக்குத் தூக்கம் வரும்.

டைரியை ஏன் யாரும் தொடர்வதில்லை, மொய் நோட்டை ஏன் யாரும் விடுவதில்லை? டைரியைக் கேட்டு ஒருவரும் வாசலுக்கு வரமாட்டார்கள். மொய் நோட்டில் ஒரு வரி விட்டுப்போனால் ஒரு சொந்தமே விட்டுப்போகும்.

ஆகவே உங்கள் மனவளர்ச்சியையும் அந்த முறையிலேயே எழுதிப் பாருங்கள். 'நாகுடி சித்தப்பா: ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்கத் துணைக்கு இருந்தார், வரவு.' 'மணமேல்குடி மச்சான்: அவர் வீட்டுத் துக்கத்துக்குப் போகவில்லை, பாக்கி.' 'எதிர்வீட்டு அக்கா: மீன் குழம்பு, திருப்பிக் கொடுத்தது வெறும் கிண்ணம்.' ஒரு மாதம் இப்படி எழுதினால் நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்பது தெரிந்துவிடும். அதற்கென்று தனியாக ஒரு பக்கம் தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை. இந்த நோட்டைப் பட்டுப்புடவைக்குக் கீழே வைக்காதீர்கள். வீட்டம்மா கணக்கைச் சரிபார்த்து, உங்கள் பேரிலும் ஒரு பக்கம் திறந்துவிடுவார். அதில் பழைய பாக்கிதான் அதிகம் இருக்கும்.

ஆடி பிறந்ததும் பத்திரிகைகள் வரத் தொடங்கிவிடும். பாக்கியை இப்போதே பார்த்து வையுங்கள்.