சாய்வு நாற்காலித் தாத்தா

கார்ட்டூனிஸ்ட் வீட்டில் பரண் ஒழிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மற்ற வீடுகளில் பித்தளை அண்டா இறங்கும், ஓடாத டேபிள் ஃபேன் இறங்கும். எங்கள் வீட்டில் இறங்கியவர்கள் இரண்டு பையன்கள். ஒரு வாரப் பத்திரிகையில் நான் வருஷக்கணக்காக வரைந்த வால்கள். பெரியவன், சின்னவன் என்றுதான் அவர்களுக்குப் பெயர். ஒரிஜினல் படங்களைக் காலண்டர் அட்டைகளுக்கு நடுவே வைத்துச் சணல் போட்டுக் கட்டியிருந்தேன்.

"இதை எடைக்குப் போட்டா கிலோவுக்கு என்ன கொடுப்பான்?" என்றாள் மனைவி.

பத்திரிகை கொடுத்த சன்மானத்தைவிட நிச்சயம் கூடத்தான் கொடுப்பான் என்பதால், வாயைத் திறக்காமல் கட்டை அவிழ்த்தேன்.

ராமபாணப் பூச்சி அங்கங்கே வேலையைக் காட்டியிருந்தது. தின்றதிலும் அதற்கு ஒரு விமரிசனப் பார்வை இருந்திருக்கிறது. சுமாரான ஜோக்குகளை மிச்சம் வைக்காமல் முடித்துவிட்டு, நல்லவற்றை ஓரத்தில் மட்டும் ருசி பார்த்து விட்டிருந்தது. எங்கள் ஆசிரியருக்குக்கூட அவ்வளவு துல்லியம் கிடையாது.

படங்களை வரிசையாகத் தரையில் பரப்பிப் பார்த்தால் என் தொழில் வாழ்க்கையின் சிக்கன நடவடிக்கைகள் பளிச்சென்று தெரிகின்றன. முதல் வருஷம் பையன்களுக்குக் கைக்கு ஐந்து விரல். அப்புறம் நான்கு. வாரா வாரம் படம் கொடுக்க வேண்டியவனுக்கு ஒரு விரல் மிச்சம் என்பது பெரிய விஷயம். ஒரு வாசகர்கூட, 'பையனுக்கு என்ன விபத்து?' என்று கேட்டு எழுதவில்லை. மிக்கி மவுஸுக்கே நான்கு விரல்தான். டிஸ்னியே மிச்சம் பிடிக்கும்போது நான் தாராளம் காட்டினால் நன்றாகவா இருக்கும்?

சின்னவனுக்குக் கட்டம் போட்ட சட்டை. ஆரம்பத்தில் லுங்கிக் கடை விளம்பரம் மாதிரி நெருக்கமான கட்டங்கள். வருஷம் ஏற ஏறக் கட்டங்கள் அகன்றுகொண்டே போய், கடைசிப் படங்களில் குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு. அதுவும் தீபாவளி மலர் என்றால்தான்.

இந்தத் தலைமுறைக்காக ஒரு விளக்கம். அப்போதெல்லாம் அச்சாகும் அளவைவிடப் பெரிதாக வரைவோம். பென்சிலில் போட்டு, இந்தியன் இங்க் தொட்டு நிப்பாலும் பிரஷ்ஷாலும் கோடு இழுப்போம். அதைக் கேமராவில் சின்னதாக்கி, துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்வார்கள். கோடு மெல்லியதாக இருந்தால் அச்சில் காணாமல் போகும். நெருக்கமாக இருந்தால் மை அப்பிக்கொள்ளும். வெளிர் நீல பென்சிலால் கிறுக்கினால் கேமரா கண்ணில் படாது. அதனால் தைரியமாக அதில் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்வோம். என் படங்களின் ஓரத்தில் 'பால் பாக்கி', 'கரண்ட் பில்' எல்லாம் நீலத்தில் பத்திரமாக இருக்கின்றன. தப்பான கோட்டை அழிக்க வெள்ளை போஸ்டர் கலர். எந்தப் படத்தில் ஓவியர் திண்டாடினார் என்று அறிய விரும்பினால் ஒரிஜினலைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். வெள்ளை மேடு தட்டுப்படும்.

தடவிப் பார்த்தபோதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. பையன்கள் முகத்தில் மேடே இல்லை. இரண்டு புள்ளி, ஒரு வளைகோடு, தலையில் நாலு முடி; ஒரே இழுப்பில் முடிந்திருக்கிறது. மேடெல்லாம் அவர்களிடம் மாட்டிக்கொண்ட மாடி வீட்டுத் தாத்தா முகத்தில்.

உதாரணத்துக்கு ஒன்று. மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் தாத்தா துணி சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் பேப்பர் படிக்கிறார். இரண்டாவதில், பின்னாலிருந்து பெரியவன் துணியைத் தாங்கும் கட்டையை உருவுகிறான். மூன்றாவதில் நாற்காலிச் சட்டத்துக்கு மேலே இரண்டு பாதங்கள், அந்தரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி, பறக்கும் பேப்பர். எல்லோரும் சிரித்தது மூன்றாவது கட்டத்துக்கு. நான் உயிரைக் கொடுத்தது இரண்டாவதுக்கு. கட்டை பாதி உருவப்பட்டிருக்கிறது. துணி ஒரு விரற்கடை தளர்ந்திருக்கிறது. தாத்தாவுக்கு ஏதோ சந்தேகம், ஆனால் ஷேர் மார்க்கெட் செய்தியிலிருந்து கண்ணை எடுக்க மனசில்லை. ஒரு புருவம் மட்டும் தகவல் அறிந்து மேலே போகிறது. அந்தப் புருவத்தில் வெள்ளை அடை அடையாக அப்பியிருக்கிறது.

அந்தத் தாத்தாவுக்கு மாடல், அன்று நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். அதே கண்ணாடி, அதே துண்டு, எட்டு மணிக்கு மேல் வெராண்டா பல்ப் எரிந்தால் அதே இருமல். கண்டுபிடித்துக் காலி பண்ணச் சொல்லிவிடுவாரோ என்று உள்ளுக்குள் உதறல். அவரோ பத்திரிகை வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைப் பிரிப்பார். "இப்படியும் ஒரு கஞ்சப் பிசினாறி இருப்பானா சார்! எங்க பிடிச்சீங்க இந்த ஆளை?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். சிரித்துவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து வாடகை கூடுகிறது என்பார். கேலிச்சித்திரத்தில் யாரும் தன்னைப் பார்ப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரைத்தான் பார்க்கிறார்கள். கார்ட்டூனிஸ்டுகள் இத்தனை பேர் உயிரோடு இருப்பதற்கு அதுதான் காரணம்.

எங்கள் குலத்தின் மூத்த வால்கள் ஜெர்மனிக்காரர்கள். வில்ஹெல்ம் புஷ் 1865-ல் வெளியிட்ட மாக்ஸ், மோரிட்ஸ். ஏழே ஏழு குறும்புகள். அதில் ஒன்று, லெம்பெல் வாத்தியாரின் புகைக்குழாயில் வெடிமருந்தை அடைத்து வைப்பது. வாத்தியார் கரிக்கட்டையான படத்தைப் பாருங்கள். பையன்கள் அதில் இல்லவே இல்லை, தேவையும் இல்லை. கடைசியில் இருவரையும் மாவு மில்லில் போட்டு அரைத்து வாத்துகளுக்குத் தீனியாக்கிவிடுவார் புஷ். குழந்தைகள் புத்தகம்தான்!

அந்தப் பையன்களை முன்மாதிரியாக வைத்து அமெரிக்காவில் ருடால்ஃப் டர்க்ஸ் 1897-ல் ஹான்ஸ், ஃபிரிட்ஸ் என்ற இரட்டையரை உருவாக்கினார். பிறகு அவருக்கும் பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டுக்கும் முட்டிக்கொண்டு, விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. தலைப்பு முதலாளிக்கு, பாத்திரங்களை வரையும் உரிமை டர்க்ஸுக்கு என்று தீர்ப்பு. விளைவு, அதே பையன்கள் இரண்டு பத்திரிகைகளில், இரண்டு ஓவியர்கள் கையால், பல பத்தாண்டுகள் லூட்டி அடித்தார்கள். வால்களை நீதிமன்றத்தில் நிறுத்தினால் ஒன்றுக்கு இரண்டாகத்தான் திரும்பி வரும்.

டென்னிஸ் கதை இன்னும் விசேஷம். ஹாங்க் கெட்சம் தன் நான்கு வயது மகனைப் பார்த்து, அவன் பெயரிலேயே உருவாக்கிய டென்னிஸ் 1951 மார்ச் 12 அன்று அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்தான். அதே நாள் இங்கிலாந்துக் கடைகளுக்கு வந்த 'பீனோ' இதழில் டேவி லா வரைந்த இன்னொரு டென்னிஸ். இருவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பெயரும் ஒன்று, பட்டமும் ஒன்று. அமெரிக்க டென்னிஸுக்குப் பக்கத்து வீட்டு வில்சன் வாய்த்தார். இங்கிலாந்து டென்னிஸுக்குச் செருப்பும் கையுமாக அப்பா வாய்த்தார். கடைசிக் கட்டத்தில் அநேகமாக அடி உண்டு. காலம் மாறியதும் செருப்பு போய்விட்டது. நம் ஊரில் விகடனில் மதன் வரைந்த ரெட்டைவால் ரெங்குடுவை ரசித்தவர்கள் எல்லா வீட்டிலும் இருந்தார்கள். ஏனென்றால் ரெங்குடுவும் எல்லா வீட்டிலும் இருந்தான்.

என் பையன்களுக்கும் ஒருமுறை சோதனை வந்தது. சாய்வு நாற்காலிப் படம் வந்த வாரம், 'எங்கள் வீட்டிலும் கட்டையை உருவிவிட்டார்கள், மாமனாருக்கு இடுப்பில் பிளாஸ்திரி' என்று ஒரு வாசகர் எழுதிவிட்டார். கடிதத்தில் வருத்தத்தைவிட உற்சாகம்தான் அதிகம் தெரிந்தது. ஆனாலும் ஆசிரியர் பயந்துவிட்டார். "ஒரு வாரமாவது நல்ல பிள்ளைங்களா இருக்கட்டும் சார்" என்றார். சரியென்று, ஒரு பாட்டியின் கையைப் பிடித்து ரோடு தாண்ட வைத்தேன். அந்த வாரம் யாரும் சிரிக்கவில்லை. 'பையன்களுக்கு உடம்பு சரியில்லையா?' என்று விசாரித்துத்தான் கார்டுகள் வந்தன. அடுத்த வாரமே தாத்தாவின் பல்செட்டை உறியில் கட்டித் தொங்கவிட்டேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் சிரித்துவிட்டார்.

இன்று அந்தத் தாத்தாவின் வயது எனக்கு. அவருடைய இருமலும் வந்துவிட்டது. பேரன் படங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன், நாற்காலிப் படத்தில் நின்று, "தாத்தா, இந்தத் தாத்தா செம காமெடி" என்றான். பையன்களை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அவன் சொன்னதுதான் சரியான தீர்ப்பு. விஷமம் செய்ய யாராலும் முடியும். அதற்குப் பெரிய முகபாவம் தேவையில்லை. மாட்டிக்கொள்கிறவர்தான் கோபம், அவமானம், சந்தேகம், கௌரவம் எல்லாவற்றையும் ஒரே முகத்தில் சுமக்க வேண்டும். குறும்புக் கதையில் சிறுவன் வெறும் தீக்குச்சி, பெரியவர்தான் பட்டாசு. அதனால் இனிமேல் இப்படி ஒரு படக்கதை கையில் கிடைத்தால், வாலைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள், முதலில் வாத்தியாரையோ வில்சனையோ தாத்தாவையோ பாருங்கள். வாங்கின காசுக்கு ஓவியர் வேலை செய்திருப்பது அங்கேதான்.