சராசரி அவர்கள் லாஹே வர வேண்டி விண்ணப்பம்

பெறுநர்:
உயர்திரு தேசியச் சராசரி அவர்கள்,
தடுப்பூசிக் கணக்குப் பிரிவு,
நேப்பிடா, மியன்மார்.

பொருள்: நாகா மலைக்கு ஒருமுறை நடந்தே வரும்படி வேண்டுதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

தாங்கள் நலம் என்று தெரியும். தங்களுக்குக் காய்ச்சல் கண்டதாக இதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. யாங்கோனில் ஊசி போட்ட பிள்ளையையும் இந்திய எல்லையோரம் லாஹேயில் போடாத பிள்ளையையும் ஒரே பானையில் போட்டுப் பொங்கி இறக்குகிறீர்கள். யாங்கோன் பக்கம் ஒரு சோறு எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும், பானை முழுக்க வெந்ததாகக் கணக்கு.

2016 மழைக்காலத்தில் நாகா மலையின் லாஹேயிலும் நன்யுன்னிலும் பிள்ளைகள் சாகத் தொடங்கியபோது முதலில் 'மர்ம நோய்' என்றார்கள். (நம்மூர்ப் பத்திரிகைகளின் 'மர்மக் காய்ச்சலு'க்கு அது ஒன்றுவிட்ட அண்ணன்.) துப்புத் துலங்கியபோது, தட்டம்மை. 1963 முதல் தடுப்பூசி உள்ள நோய். எங்கள் பாட்டி பார்த்த மாத்திரத்தில் "மணல்வாரிடா" என்று சொல்லி வேப்பிலை ஒடிக்கப் போயிருப்பாள். முப்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். தங்கள் உடம்பில் ஒரு தசமப் புள்ளியாவது இளைத்ததா?

தடுப்பூசிக் குப்பி விஷயமும் சொல்ல வேண்டும். சுண்டுவிரல் உயரக் கண்ணாடிக் குப்பி, அடியில் உலர்ந்த பொடி, பத்துப் பிள்ளைகளுக்கான மருந்து. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டி, வழுக்கும் மண்பாதையில் ஏறி வருகிறார் செவிலியர். மூடியின் மேல் சிறு வட்டம், அதற்குள் வெளிர் நிறச் சதுரம். சூடு பட்டுச் சதுரம் கருத்துவிட்டால் மருந்து குப்பைக்கு. கருக்காமல் கொண்டு சேர்த்துவிட்டார். ஊரிலோ நான்கே பிள்ளைகள். கலக்கிவிட்டால் ஆறு மணி நேரம்தான் தாங்கும். மிச்சம் ஆறு டோஸ் வீண். வீணானதற்கு யார் பதில் எழுதுவது என்று அஞ்சி, பிள்ளைகள் சேரட்டும் எனக் காத்திருக்கும் பழக்கம் உலகெங்கும் உண்டு. ஆகவே நான்கு பிள்ளை உள்ள ஊர்ப் பெற்றோர், அடுத்த சுற்றுக்குள் மேலும் ஆறு பெற்றுத் தர ஆணையிடுமாறு பணிவுடன் கோருகிறேன்.

தங்கள் அதிகார எல்லையிலும் ஒரு சந்தேகம். நாகாலாந்தின் லோங்வா கிராமத்தில் கோன்யாக் தலைவரான அங் அவர்களின் வீட்டுக்குள்ளேயே எல்லைக்கோடு ஓடுகிறது. இந்தியாவில் ஒரு பாதி, மியன்மாரில் மறுபாதி. அம்மை கண்ட பிள்ளை ஓர் அறையில் இருமிவிட்டுப் போனால் கிருமி இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். அந்த இருமலை எந்த நாட்டுச் சராசரியில் சேர்ப்பது? கிருமியிடம் பாஸ் கேட்டுப் பார்க்கலாம்.

தட்டம்மையை அடக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பிள்ளைகளுக்கு இரண்டு தவணை ஊசி வேண்டும் என்கிறார்கள். அந்தந்த ஊரிலும் வேண்டுமாம், மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் ஆகாதாம். இந்த ஊர்க்கணக்குத் தங்களுக்குப் பிடிக்காது, தெரியும்.

வரும்போது ரப்பர் செருப்பு போதும், அட்டை கடித்தால் பிடுங்கிவிடலாம். ஊசி அட்டை ஒன்றும் மறவாமல் எடுத்து வாருங்கள், தங்கள் பெயரில் எத்தனை தவணை விழுந்திருக்கிறதென்று செவிலியர் பார்க்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
சராசரிக்குக் கீழே உள்ள ஒருவன்